மருத்துவச்சி ஆவது எப்படி, பேறுகாலப் பராமரிப்பை மாற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவச்சியின் வேலை எது? செவிலியர், டூலா, மகப்பேறு மருத்துவர் ஆகியோரிடமிருந்து அது எங்கே பிரிகிறது?

கருவுற்ற நாள் முதல் குழந்தை பிறந்து ஆறு வாரம் வரை, சிக்கலில்லாத தாயையும் சேயையும் தன் சொந்தப் பொறுப்பில் பார்த்துக்கொள்ளத் தகுதி பெற்றவர் மருத்துவச்சி. யாரோ சொல்லக் கேட்டுச் செய்பவர் அல்லர். தானே பரிசோதித்து, முடிவெடுத்து, பிரசவம் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்தும் போடுபவர். சிக்கல் தலைகாட்டினால் அதை முதலில் கண்டுகொள்வதும், அவசர சிகிச்சையைத் தொடங்குவதும், மருத்துவரிடம் ஒப்படைப்பதும் அவர் வேலை. அறுவை சிகிச்சை மருத்துவருடையது. டூலா கூடவே இருந்து தைரியம் சொல்வார், இடுப்பைப் பிடித்துவிடுவார், ஆனால் பரிசோதிக்கவோ மருந்து கொடுக்கவோ மாட்டார். பொதுச் செவிலியருக்குப் பிரசவம் பற்றிய அடிப்படைப் பயிற்சி இருக்கலாம். அது மட்டும் அவரை மருத்துவச்சி ஆக்கிவிடாது.

பல நாடுகளில் இந்தக் கோடுகள் குழம்பிக் கிடக்கின்றன. படிப்பில் மருத்துவச்சி, வேலைக்கு வந்ததும் செவிலியர், மூன்று மாதம் கழித்து வேறு வார்டுக்கு மாற்றல். திறமை துருப்பிடிப்பது இப்படித்தான்.

எவ்வளவு காலம் படிக்க வேண்டும்?

சர்வதேச மருத்துவச்சியர் கூட்டமைப்பு இதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. நேரடியாகச் சேர்பவர்களுக்கு 3 ஆண்டுகள், ஏற்கெனவே செவிலியர் படிப்பு முடித்தவர்களுக்கு 18 மாதங்கள். மொத்தப் பாடத்தில் பாதிக்குக் குறையாமல் செய்முறைப் பயிற்சி இருக்க வேண்டும், 40 சதவீதத்துக்குக் குறையாமல் வகுப்பறைப் பாடம். இதைவிடக் குறுகிய படிப்புகளும் உண்டு. அவற்றைப் படித்தவர்கள் பல இடங்களில் நன்றாகவே பணிபுரிகிறார்கள் என்றாலும், வேறு நாட்டில் பதிவு செய்யப் போகும்போது மணிக்கணக்கும் பிரசவக் கணக்கும் போதாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்தக் கல்லூரியில் சேர்வது என்று எப்படி முடிவெடுப்பது?

கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே கேள்வி போதும்: ‘படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவி தன் கையால் எத்தனை பிரசவம் பார்ப்பார்?’ ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இதற்கு நல்ல அளவுகோல். அங்கே ஒரு மாணவர் குறைந்தது 40 பிரசவம் தானே பார்த்திருக்க வேண்டும். அத்தனை கிடைக்காத இடத்தில் 30 தானே பார்த்து, மேலும் 20 பிரசவங்களில் உதவியிருக்க வேண்டும். இதோடு 100 கர்ப்பகாலப் பரிசோதனைகள், பிரசவமான 100 தாய்மார்களையும் அவர்கள் குழந்தைகளையும் கவனித்த அனுபவம்.

‘வாய்ப்பு நிறையக் கிடைக்கும்’ என்று மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்ததைக் கேளுங்கள். அதே பிரசவ அறையில் மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும் இருக்கிறார்களா? இருந்தால் குழந்தையைக் கையில் வாங்கும் முறை யாருக்கு? பெரிய மருத்துவமனையில் நாளுக்கு முப்பது பிரசவம் நடந்தாலும், மாணவிக்கு மிஞ்சுவது தையல் தட்டு எடுத்துக்கொடுக்கும் வேலையாக இருக்கலாம். நடுத்தர மருத்துவமனைகளில்தான் பெரும்பாலும் கை பழகுகிறது. கற்றுக்கொடுப்பவர் இன்றும் பிரசவம் பார்க்கிறாரா என்பதையும் விசாரியுங்கள்.

அந்தப் படிப்பு உங்கள் நாட்டுப் பதிவு மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன் மன்றத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்லூரி தரும் கையேட்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஆண்கள் இந்தப் படிப்பில் சேரலாமா?

பல நாடுகளில் சேரலாம், சிலவற்றில் சட்டம் தடுக்கிறது. உங்கள் பதிவு மன்றத்தின் விதியைப் பாருங்கள்.

ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இந்த வேலை எனக்கு ஒத்துவருமா?

பெரும்பாலும் முதல் சில வாரங்களில் சரியாகிவிடும். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், நான்கு மணி நேரம் அசையாமல் நின்றால் பழகியவர்களுக்கும் கண் இருட்டும். ரத்தத்தைவிடக் கடினமானது சும்மா இருப்பது. எல்லாம் சரியாகப் போகும்போது கையை நீட்டாமல், ஆனால் கவனம் சிதறாமல் ஆறு மணி நேரம் ஒருவர் பக்கத்தில் உட்கார முடியுமா என்று யோசியுங்கள்.

மாணவிகள் அதிகம் தடுமாறுவது எங்கே?

கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்பதை விரலால் அளப்பதில். கண்ணால் பார்க்க முடியாத அளவு அது. இரண்டு விரல் எவ்வளவு விரிகிறது என்பதை ஒரு அளவுகோலின் மேல் வைத்து முதலில் உங்கள் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள், 4 சென்டிமீட்டரும் 6 சென்டிமீட்டரும் விரலுக்குத் தெரிய வேண்டும். 7-க்கு மேல் போனால் திறந்த அளவைவிட மிச்சமிருக்கும் விளிம்பை அளப்பது எளிது. பயிற்சிக்காக ஒரே பெண்ணை மூன்று பேர் அடுத்தடுத்துச் சோதிப்பது தவறு. பனிக்குடம் உடைந்தபின் ஒவ்வொரு சோதனையும் கிருமி உள்ளே போக ஒரு வாய்ப்பு.

இரண்டாவது தடுமாற்றம் இதயத் துடிப்பு. வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவியில் கேட்பது குழந்தையுடையதா, தாயுடையதா? தாய்க்கு வலியிலும் காய்ச்சலிலும் நாடி 120-ஐத் தாண்டலாம், குழந்தையின் இயல்பான துடிப்போ 110 முதல் 160. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் இது. டாப்ளர் வைக்கும் ஒவ்வொரு முறையும் மறு கையால் தாயின் மணிக்கட்டு நாடியைப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாகத் துடித்தால் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது தாயை. குழந்தை இறந்துபோன பின்னும் ‘துடிப்பு நன்றாக இருக்கிறது’ என்று பதிவேட்டில் எழுதப்படுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மூன்றாவது, ரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடுவது. அதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

பிரசவ வலி நடக்கும்போது எதை, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

குழந்தையின் துடிப்பு: கருப்பை வாய் திறக்கும் முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, தாய் முக்கத் தொடங்கியபின் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். வலி இருக்கும்போதே தொடங்கி, அது அடங்கியபின் குறைந்தது 30 விநாடி வரை கேட்க வேண்டும், ஏனென்றால் ஆபத்தான தாழ்வு வலி முடிந்த பிறகுதான் காதில் விழும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது நேரத்தை மிச்சப்படுத்தும், அந்தத் தாழ்வைத் தவறவிடும்.

வலி: அரை மணிக்கு ஒருமுறை வயிற்றில் கை வைத்துப் பத்து நிமிடத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால் குழந்தைக்கு மூச்சு வாங்க இடைவெளி இல்லை. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து சொட்டாக ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ரத்த அழுத்தமும் கருப்பை வாய்ச் சோதனையும் சிக்கலில்லாத பெண்ணுக்கு நான்கு மணிக்கு ஒருமுறை போதும். சிறுநீர் கழிக்கச் சொல்வதைப் பலரும் மறக்கிறார்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை தலையை இறங்கவிடாது, பிறகு கருப்பையைச் சுருங்கவும் விடாது.

‘மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும்’ என்கிறார்களே?

1950-களில் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஃப்ரீட்மன் வரைந்த வளைகோட்டிலிருந்து வளர்ந்த விதி அது. பல பத்தாண்டுகள் பிரசவ அறைகளை ஆண்டது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டது. கருப்பை வாய் வேகமாகத் திறக்கும் தீவிர கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது, அதுவரை மெதுவாகப் போவது இயல்பு, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது பல பெண்களுக்கு எட்டாத வேகம் என்று தெளிவாகச் சொன்னது. 2020-இல், பிரசவ முன்னேற்றத்தைக் கோடாகக் குறிக்கும் பழைய பார்ட்டோகிராப் தாளுக்குப் பதிலாகப் புதிய பிரசவக் கண்காணிப்புத் தாளும் வந்தது. அதில் சாய்ந்த எச்சரிக்கைக் கோடே கிடையாது. 5 சென்டிமீட்டரில் 6 மணி நேரம், 6-இல் 5 மணி, 7-இல் 3, 8-இல் இரண்டரை, 9-இல் 2 மணி நேரம் நகராமல் நின்றால் மட்டுமே எச்சரிக்கை.

3 சென்டிமீட்டரில் ஒரு பெண்ணைப் படுக்கையில் சேர்த்து, நான்கு மணி நேரம் கழித்து ‘முன்னேற்றமில்லை’ என்று எழுதி, சொட்டு ஏற்றி, அதனால் குழந்தையின் துடிப்பு இறங்கி, சிசேரியனில் முடிவது இன்றும் நடக்கிறது. அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, சேர்க்க வேண்டாத நேரத்தில் சேர்த்தது.

அதற்காக ‘காத்திரு’ என்பதே எப்போதும் சரி என்றும் ஆகாது. கடிகாரம் தவறான அளவுகோல் என்பதால் அளவுகோலே வேண்டாம் என்று ஆகிவிடுமா? துடிப்பு, தலை இறங்கும் அளவு, பனிநீரின் நிறம், தாயின் காய்ச்சல் என நான்கையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் நிதானமாகக் காத்திருக்க முடியும்.

எந்தெந்த வழக்கங்களுக்கு ஆதாரமே இல்லை?

எல்லாருக்கும் முடி மழிப்பது. எனிமா. சிக்கலில்லாத பெண்ணைப் பட்டினி போடுவது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைக் கட்டுவது. முதல் பிரசவம் என்றாலே எபிசியோடமி, அதாவது பிறப்புவாயை அகலப்படுத்தும் வெட்டு, போடுவது. வயிற்றின் மேல் ஏறி அமுக்கித் தள்ளுவது. உலக சுகாதார நிறுவனம் இவற்றை வழக்கமாகச் செய்யக்கூடாது என்கிறது.

இதில் கடைசியானது கருப்பையைக் கிழிக்கக்கூடியது, விலா எலும்பை முறிக்கக்கூடியது. அதைச் செய்ததாகப் பதிவேட்டில் யாரும் எழுதுவதும் இல்லை. எழுதப்படாததால் எண்ணப்படுவதில்லை, எண்ணப்படாததால் நிற்பதுமில்லை.

குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரம் எப்படி இருக்க வேண்டும்?

துடைத்து, தாயின் வெறும் மார்பில் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை கட்ட வேண்டாம், அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு ரத்தம் வந்துகொண்டிருக்கும். ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின். அதற்கு முன் வயிற்றைத் தொட்டு இரண்டாவது குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எடை பார்ப்பது, 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசி, கால்ரேகை எல்லாம் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். குளிப்பாட்டுவது 24 மணி நேரம் கழித்து. நஞ்சு வரும் முன் கொடியைப் பிடித்து இழுக்க நினைத்தால், கருப்பை சுருங்கிக் கெட்டியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மறு கையால் அதை மேல்நோக்கித் தாங்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த கருப்பையில் இழுத்தால் கொடி அறுந்துபோகும். அதைவிட மோசம், கருப்பையே புரண்டு வெளியே வரும்.

ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். ஊசி போட்டும் ரத்தம் நிற்கவில்லை என்றால் குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டையும் பிறகு புரட்டிப் பாருங்கள். மருந்து குப்பியில் இருந்திருக்கும், வீரியம் இருந்திருக்காது.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு: எங்கே தவறு நடக்கிறது?

தெரியாமல் போவதில். அதன் பிறகுதான் மருந்து, ரத்தம், ஆள் பற்றாக்குறை எல்லாம்.

500 மில்லி இழப்பு என்பது எல்லை. விரிப்பிலும் பஞ்சிலும் ஊறியதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுபவர்கள் உண்மையில் போனதைவிடக் குறைத்தே சொல்கிறார்கள். இழப்பு கூடக்கூட இந்தப் பிழையும் கூடும். கர்ப்பிணியின் உடலில் ரத்தம் கூடுதலாக இருப்பதால் ரத்த அழுத்தம் கடைசிவரை தாங்கிப் பிடித்து, பிறகு சட்டென்று சரியும். அழுத்தம் 110 என்று நிம்மதியாக இருக்கும்போது நாடி 115 ஆகியிருக்கும். நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். 0.9 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து நெருங்குகிறது.

இதற்கு விடை ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. இடுப்பின் கீழே விரித்தால் ரத்தம் அதன் பையில் சேரும், பையில் மில்லி அளவு அச்சிட்டிருக்கும். 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் இதைச் சோதித்தது. விரிப்பால் அளந்து, எல்லா சிகிச்சையையும் ஒரே வீச்சில் கொடுத்த இடங்களில் கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. கொடுத்த மருந்துகள் எதுவும் புதியவை அல்ல. ஒன்றைக் கொடுத்துப் பலன் பார்த்து அடுத்ததைத் தேடும் பழக்கத்தை விட்டதுதான் புதிது.

அந்த ஒரே வீச்சு இது: கருப்பையைக் கெட்டியாகும் வரை தடவுவது, ஆக்சிடோசின், ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் நரம்பு வழியாகப் பத்து நிமிடத்தில், நரம்பு வழித் திரவம், சிறுநீர்ப்பையைக் காலிசெய்து, நஞ்சு முழுதாக வந்ததா, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது. இவற்றோடு உதவிக்கு ஆள் அழைப்பதும் முதல் நிமிடத்திலேயே நடக்க வேண்டும். 500 மில்லி வரை காத்திருக்கவும் வேண்டாம். 300-ஐத் தாண்டி நாடியும் ஏறினால் தொடங்கிவிடலாம். டிரானெக்ஸாமிக் அமிலம் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள்தான் பலன் தரும். தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. அரை மணி கழித்தும் ரத்தம் நிற்காவிட்டால் இன்னொரு கிராம்.

பல வார்டுகளில் டிரானெக்ஸாமிக் அமிலம் மருந்தகத்தில் பூட்டிக் கிடக்கும், சாவி வேறொருவரிடம். பிரசவ அறையிலேயே எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் சரிபார்த்துக் கையெழுத்திடும் வழக்கத்தைக் கொண்டுவருவது ஒரு மருத்துவச்சி தனியாளாகச் சாதிக்கக்கூடிய மாற்றம்.

வலிப்பு வந்தால்?

கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் முற்றினால் வருவது இந்த வலிப்பு. 20 வாரத்துக்குப் பின் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே சிறுநீரில் புரதம் பாருங்கள். 160/110 என்றால் அவசரம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றை ‘அசிடிட்டி’ என்று ஒதுக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மருந்து மக்னீசியம் சல்பேட்: 4 கிராம் நரம்பு வழியாக மெதுவாக, கூடவே இரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் ஆழமாகத் தசையில். அடுத்த டோஸுக்கு முன் மூன்றைப் பாருங்கள். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக்கூடாது, முழங்கால் அனிச்சை இருக்க வேண்டும், சிறுநீர் மணிக்கு 30 மில்லி வர வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுகோனேட் 1 கிராம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பிறந்த குழந்தை அழவில்லை, மூச்சும் விடவில்லை. என்ன செய்வது?

உலரத் துடையுங்கள், முதுகைத் தேயுங்கள். அப்போதும் மூச்சு வரவில்லை என்றால் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்றுக் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. மார்பு எழவில்லையா? பெரும்பாலும் முகமூடி சரியாகப் பதியவில்லை, அல்லது தலை அதிகமாகப் பின்னுக்கோ முன்னுக்கோ சாய்ந்திருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு முதலில் சாதாரணக் காற்றே போதும், ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி நிமிடங்களைத் தொலைக்க வேண்டாம். தலைகீழாகப் பிடித்து அடிப்பது, குளிர்நீர் தெளிப்பது போன்றவை பலனற்றவை, ஆபத்தானவை.

இதைப் படித்துப் பழக முடியாது. மாதம் ஒருமுறை பொம்மையில் பயிற்சி செய்யாத கை ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

மருத்துவர் இரவில் எரிந்து விழுகிறார். எப்படி அழைப்பது?

நான்கு பகுதியாக, ஒரு நிமிடத்துக்குள். என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். ‘அஞ்சாம் நம்பர் கொஞ்சம் சரியில்லை டாக்டர்’ என்றால் மறுமுனை மீண்டும் தூங்கிவிடும். ‘முதல் பிரசவம், 9 சென்டிமீட்டர். கடந்த 20 நிமிடமாக ஒவ்வொரு வலிக்குப் பின்னும் துடிப்பு 90-க்கு இறங்குகிறது, பனிநீர் அடர் பச்சை. குழந்தைக்கு மூச்சுத்திணறல் என்று நினைக்கிறேன். பத்து நிமிடத்தில் நீங்கள் நேரில் வர வேண்டும் டாக்டர்’ என்று சொன்னால் மறுப்பது கடினம். அழைத்த நேரத்தையும் வந்த பதிலையும் வார்த்தை மாறாமல் எழுதுங்கள். வரவில்லை என்றால் அடுத்த நிலையில் இருப்பவரை அழைக்கும் வரிசை வார்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத வார்டில் முதலில் கேட்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

வீட்டுப் பிரசவம் பாதுகாப்பானதா?

‘யார், எங்கே, எந்த ஏற்பாட்டோடு’ என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 2011-இல் வெளியான பெரிய ஆய்வில், பதிவு பெற்ற மருத்துவச்சியுடன் வீட்டில் இரண்டாவது அல்லது அதற்கடுத்த பிரசவம் கண்ட குறை-ஆபத்துப் பெண்களின் குழந்தைகளுக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. முதல் பிரசவத்தில் ஆபத்து சற்றுக் கூடுதலாக இருந்தது. முதல் பிரசவத்துக்கு வீட்டைத் திட்டமிட்டவர்களில் 45 சதவீதம் பேரை மருத்துவமனைக்கு மாற்ற வேண்டி வந்தது. இவ்வளவும் ஆம்புலன்ஸும் ஒப்படைப்பு முறையும் ஒழுங்காக இருந்த இடத்தில். அவை இல்லாத இடத்துக்கு அந்த எண்களை எடுத்துச் செல்ல முடியாது. பயிற்சி பெற்றவர் யாருமின்றிக் காணொளி பார்த்துப் பிரசவம் பார்ப்பது இந்தப் பேச்சிலேயே சேராது.

மரியாதையான பராமரிப்பு என்றால் அன்பாகப் பேசுவதா?

அன்பு நல்லதுதான், ஆனால் அதை அளக்க முடியாது. கேட்டுவிட்டுத் தொட்டார்களா என்பதை அளக்கலாம். கானா, கினி, மியான்மர், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் பிரசவ அறைகளை நேரில் கவனித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், எபிசியோடமிகளில் 75 சதவீதமும் கருப்பை வாய்ச் சோதனைகளில் 59 சதவீதமும் பெண்ணின் சம்மதம் இன்றி நடந்திருந்தன. அறை, திட்டு, அவமானம் ஆகியவை அதிகம் நடந்தது குழந்தை பிறக்கும் முன் அரை மணியிலும் பிறந்த பின் கால் மணியிலும்தான். வார்டில் எந்த நேரத்தைக் கவனித்து மாற்ற வேண்டும் என்பதை இதுவே காட்டிவிடுகிறது.

சம்மதம் கேட்பது நான்கு வரி: ‘வலி அடங்கினதும் எவ்வளவு திறந்திருக்குன்னு பார்க்கணும்மா. உள்ளே ரெண்டு விரல் வைப்பேன், ஒரு நிமிஷம் ஆகும். பார்க்கலாமா? நிறுத்தச் சொன்னா நிறுத்திடுறேன்.’ பிறகு பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ‘காலை விரிம்மா’ என்பது சம்மதம் கேட்பதாகாது.

குடும்பத்தினர் முன்கூட்டியே மருத்துவமனையிடம் என்ன கேட்கலாம்?

கடைசி இரண்டு மாதத்துக்குள் ஒரு பரிசோதனை நாளில் கேளுங்கள், வலியோடு போகும்போது அல்ல. பிரசவ அறைக்குள் ஒருவர் கூட இருக்கலாமா? நடக்கவும் உட்காரவும் விடுவீர்களா? எபிசியோடமி எத்தனை பேருக்குப் போடுகிறீர்கள், நான் வேண்டாம் என்றால்? கொடியை எப்போது கட்டுகிறீர்கள்? ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வரும்? இரவு இரண்டு மணிக்கு மயக்க மருந்து நிபுணர் கட்டடத்தில் இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா? கடைசி இரண்டு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்லும் இடம் பொதுவாக மற்றவற்றிலும் ஒழுங்காக இருக்கும்.

கூட இருப்பவருக்கு ஒரு அனுமதி வாங்கினால் பாதி வேலை முடிந்தது. துணைக்கு ஆள் இருக்கும் பெண்களுக்குப் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது. கத்துபவர்களின் குரலும் தணிகிறது என்பதைப் பிரசவ அறையில் நின்ற எவரும் சொல்வார்கள்.

மோசமாக நடத்தப்பட்டோம். புகார் எப்படி எழுதுவது?

இரண்டு நாளுக்குள் நினைவில் உள்ளதை நேர வரிசையில் எழுதிவையுங்கள், அனுப்புவது பிறகு இருக்கட்டும். சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். கடிதம் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘மனிதாபிமானமே இல்லை’ என்று எழுதினால் வருத்தம் தெரிவித்துப் பதில் வரும். ‘இரவு 11.40-க்கு என்னிடம் கேட்காமல் எபிசியோடமி போட்டார்கள், தைக்கும்போது மரத்துப்போகும் ஊசி போடவில்லை’ என்று எழுதினால் விசாரிக்க வேண்டியிருக்கும். முடிவில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி: விளக்கமா, மன்னிப்பா, விதி மாற்றமா? பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள்.

மாணவியாக இருக்கும்போதே தவறு கண்ணில் படுகிறது. வாய் திறந்தால் மதிப்பெண் போய்விடும்.

நியாயமான பயம். உயிருக்கு ஆபத்து என்றால் அந்த நொடியே சொல்லியாக வேண்டும், ‘துடிப்பு 80 மேடம்’ என்று எண்ணை மட்டும் சத்தமாகச் சொன்னால் போதும். மற்றவற்றைக் கேள்வியாகக் கேளுங்கள்: ‘இவங்களுக்கு எபிசியோடமி எதுக்காக மேடம்? பதிவேட்டில் என்ன காரணம் எழுதட்டும்?’ காரணம் எழுத வேண்டும் என்றதும் கத்திரிக்கோல் கீழே இறங்குவதுண்டு. தொடர்ந்து நடப்பதை வார்டில் சண்டையாக்காமல், தேதி குறித்துக் கல்லூரிப் பொறுப்பாசிரியரிடம் கொண்டுபோங்கள். தனியாகப் போகாமல் மூன்று பேராகப் போங்கள்.

ஒரு வார்டின் வழக்கத்தை மாற்ற எங்கே தொடங்குவது?

ஒன்றே ஒன்றை எடுங்கள். எபிசியோடமி என்று வைத்துக்கொள்வோம். பிரசவப் பதிவேட்டில் கடைசி மூன்று மாதச் சுகப்பிரசவங்களை எண்ணுங்கள், எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் காரணம் எழுதியிருக்கிறார்கள். முதல் பிரசவம், மற்றவை என்று பிரியுங்கள். ஆள் பெயர் எங்கும் வேண்டாம், யார் வெட்டினார் என்பதைத் தொட்டால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஒரு பக்கத்தில் எழுதி வார்டுப் பொறுப்பாளரிடம் முதலில் தனியாகக் காட்டுங்கள். பொதுக் கூட்டத்தில் அவர் முதன்முறை பார்த்தால் உங்களுக்கு எதிரி ஆகிவிடுவார். பிறகு மிகச் சிறிய கோரிக்கை: ‘மூன்று மாதத்துக்குப் பதிவேட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் சேர்ப்போம்.’ முடிந்ததும் மறுபடி எண்ணுங்கள். பெரினியத்தை, அதாவது பிறப்புவாய்க்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியை, தாங்கிப் பிடிக்கும் பயிற்சியும் கூடவே நடக்க வேண்டும். வெட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டுக் கையைப் பழக்காவிட்டால் ஆழமான கிழிசல்கள் வரும், ‘பார்த்தீர்களா’ என்று பழைய வழக்கம் திரும்பிவிடும்.

சிசேரியனைப் பற்றிப் பேசுவதானால் மொத்தச் சதவீதத்தை வைத்து வாதாடாதீர்கள். ‘எங்களிடம் சிக்கலான கேஸ்தான் வருகிறது’ என்ற பதில் தயாராக இருக்கும். ராப்சன் வகைப்பாட்டின் பத்துப் பிரிவுகளில் பிரித்து, நிறைமாதம், ஒரே குழந்தை, தலை கீழே, தானாக வலி வந்த முதல் பிரசவம் என்ற முதல் பிரிவை மட்டும் காட்டுங்கள். அங்கே அந்தப் பதில் எடுபடாது.

அரசிடம் எதைக் கேட்பது?

மருத்துவச்சிகள் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை, 2021-ஆம் ஆண்டு உலக அறிக்கை பற்றாக்குறையை 9 லட்சம் என்றது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் பயிற்சி இல்லாத பணியிடங்கள் கிடைக்கும். மூன்றைக் கேளுங்கள். ஒன்று, தனிப் பதிவும் தனிப் பணிநிலையும், அதாவது பிரசவ வார்டிலிருந்து தூக்கி வேறிடம் போட முடியாத விதி. இரண்டு, ஆக்சிடோசின், மக்னீசியம் சல்பேட், டிரானெக்ஸாமிக் அமிலம் ஆகியவற்றை மருத்துவர் கையெழுத்துக்குக் காத்திராமல் கொடுக்கும் சட்ட அதிகாரம். மூன்று, கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பின் வரை ஒரே சிறு குழு ஒரு பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இப்படிப் பார்க்கப்பட்ட பெண்களுக்குச் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுவதும் சிசேரியன் குறைவதும், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வில் பதிவானவை. மூன்றாவதுதான் மிகக் கடினம், ஏனென்றால் ஷிப்ட் முறையையே அது கலைக்கிறது. ஒரு மருத்துவமனையில், ஒரு குழுவோடு, ஓராண்டுச் சோதனையாகக் கேட்டால் கதவு திறக்கலாம்.

எண்களைக் காட்டியும் யாரும் அசையவில்லை என்றால்?

ஹங்கேரிய மருத்துவர் செம்மல்வைஸ் 1847-இல் வியன்னாவில் மருத்துவர்களைக் குளோரின் நீரில் கை கழுவவைத்தார். மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைவிடப் பல மடங்கு தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். கை கழுவத் தொடங்கியதும் அந்த எண்ணிக்கை சரிந்தது. ஆனாலும் சக மருத்துவர்கள் ஏற்கவில்லை. அவர் தன் கணக்கை நூலாக வெளியிட்டதே 1861-இல், அதற்குள் எதிர்ப்பு இறுகிவிட்டது. எழுதாமல் இருந்தது அவருடைய பிழைகளில் ஒன்று, எழுதியபோது எதிரிகளைக் கொலைகாரர்கள் என்று தாக்கியது இன்னொன்று.

ஆகவே முதல் ஆறு மாதத்திலேயே எழுதி வெளியே வையுங்கள்: மருத்துவமனையின் தாய் இறப்பு ஆய்வுக் கூட்டத்தில், மருத்துவச்சியர் சங்கத்தின் மாநாட்டில், சங்கச் செய்திமடலில். உள்ளே கேட்காத காது வெளியிலிருந்து வரும் கேள்விக்குத் திறக்கும். பக்கத்து மருத்துவமனையில் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள் என்றால் அங்கிருந்து ஒரு மருத்துவரைப் பேச அழையுங்கள், மருத்துவர்கள் மருத்துவர் சொன்னால் கேட்பார்கள். எரிச்சலூட்டும் உண்மைதான், பயன்படுத்திக்கொள்ளுங்கள். இதுவும் பலிக்கவில்லை என்றால் அந்தக் கோரிக்கையை ஓராண்டு ஒதுக்கிவைத்து, எதிர்ப்பே இல்லாத ஒன்றை எடுங்கள். மறைப்புத் திரை, கூடுதலாக ஒரு நாற்காலி, அவசரப் பெட்டி. எண்ணுவதை மட்டும் நிறுத்த வேண்டாம். பொறுப்பாளர் மாறும் நாளில் உங்களிடம் நான்கு காலாண்டுக் கணக்கு தயாராக இருக்கும்.